மெலிந்த அலகு: மலிவான மடக்குக் கத்தியை எப்படிப் பார்ப்பது?

போன மாதம் நண்பர் ஒருவர், வயதில் தம்பி, மூன்று கத்திகளின் படங்களை அனுப்பியிருந்தார். "அண்ணே, இதுல எது நல்லது? ரொம்பச் செலவு பண்ண முடியாது" என்று ஒரு வரி. மூன்றுமே மடக்குக் கத்திகள். மூன்றும் கறுப்பு நிறம். மூன்றிலும் கட்டைவிரலால் தள்ளித் திறக்க ஒரு சின்னக் குமிழ். 'டாக்டிகல்', 'சர்வைவல்', 'டி2 ஸ்டீல்' என்று மூன்றின் கீழும் ஒரே வார்த்தைகள். எதுக்குப்பா வாங்குற என்று கேட்டேன். "சும்மா பையில கெடக்கட்டும்ணே. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு வெட்ட. வேற என்ன?"

மூணும் வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடியாததால் இந்தக் குறிப்பு.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒன்றை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வந்த அன்றைக்கு முழங்கை ரோமத்தை மழிக்கும் அளவுக்குக் கூர். பேப்பரைத் தொட்டால் இரண்டாகும். ஆனால் ஒரு கொய்யாப்பழத்தை வைத்து நறுக்கினால், மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கும், அப்புறம் 'டப்' என்று சத்தம் போட்டுப் பழம் பிளந்துவிடும். வெட்டுப்படாது, பிளவுபடும். இந்தச் சத்தம் எனக்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரிக்கும்போது கத்தி நடுவில் மாட்டிக்கொண்டது. பலத்தைப் போட்டு இழுத்தேன். வந்த வேகத்தில் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். மழுங்கின கத்திதான் ஆபத்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் கத்தி மழுங்கவே இல்லை. நல்ல கூரோடுதான் இருந்தது. பிரச்சினை வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் எது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் கீழே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மலிவான மடக்குக் கத்தி பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை நான்கு விஷயங்களைப் பேசுகின்றன: எஃகின் பெயர், பூட்டின் வலு, திறக்கும் வேகம், தோற்றம். கத்தி எப்படி வெட்டுகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஐந்தாவது விஷயம், அலகின் கனம், அளவுப் பட்டியலின் கடைசியில் ஒரு எண்ணாக ஒளிந்திருக்கும். அதைப் பற்றிப் பேசினாலும் கனமாக இருப்பதைத்தான் புகழ்வார்கள். 'உறுதியானது' என்று. காசு குறைவாக இருக்கிறவர் கத்தி வாங்கும்போது ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆப்பும் அலகும்

எந்தக் கத்தியும் ஒரு ஆப்பு. விறகு பிளக்கிற கோடாலியும் ஆப்புதான், காய் நறுக்குகிற கத்தியும் ஆப்புதான். ஒன்று அகலமான ஆப்பு, இன்னொன்று மெலிந்த ஆப்பு. கோடாலியால் வெங்காயம் நறுக்க முடியாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மடக்குக் கத்தி வாங்கும்போது மட்டும் இந்த அறிவு எங்கேயோ போய்விடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. அலகின் முதுகு 1.7 மி.மீ. கனம், முதுகிலிருந்து வாய்வரை உயரம் 20 மி.மீ., முழு உயரத்துக்கும் இரு பக்கமும் ஒரே சரிவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சரிவுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 5 டிகிரி. இப்போது 3.5 மி.மீ. கனமுள்ள அலகு. சரிவு முழு உயரத்துக்கும் இல்லாமல் கீழே 12 மி.மீ. மட்டும். கோணம் 16 டிகிரியைத் தாண்டிவிடும். மூன்று மடங்கு. பழத்துக்குள் இறங்க இறங்க இந்த ஆப்பு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் கொய்யா தாங்காது, பிளந்துவிடும். அட்டைப்பெட்டி பிளக்காது, கத்தியைக் கவ்விக்கொள்ளும். என் விரலில் மூன்று தையல் விழுந்த கணக்கு இதுதான்.

வாயின் நுனியில் இரண்டு பக்கமும் தீட்டிய நுண்சரிவு ஒன்று தனியாக இருக்கும். ரோமத்தை மழிப்பதும் பேப்பரைக் கிழிப்பதும் அந்த நுண்சரிவின் வேலை. அதனால்தான் பேப்பர் சோதனையில் கனமான கத்தியும் தேறிவிடுகிறது. பேப்பருக்கு ஆழம் கிடையாது. பழத்துக்கு உண்டு. காணொளிகளில் கத்தியைத் திறந்து, பேப்பரைச் சீவி, 'ரேஸர் ஷார்ப்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நமக்குத் தேவையான கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை.

எஃகின் பெயர்

நண்பர் அனுப்பிய மூன்றிலும் டி2 என்று போட்டிருந்தது. இது நல்ல எஃகுதான். தகடுகளை வெட்டும், துளையிடும் அச்சுகளுக்காக வந்தது. சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். தேயாது. ஆனால் அந்தக் குரோமியத்தின் பெரும்பகுதி கார்பைடு என்ற கடினமான துகள்களில் போய் அடைந்துவிடுவதால் முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது. உப்புக் காற்றில் புள்ளி விழும். தேயாது என்பதற்கு மறுபக்கமும் உண்டு: சாணை பிடிப்பது கஷ்டம். வீட்டில் இருக்கும் சாதாரணக் கல்லில் உரசிக்கொண்டே இருக்கலாம், பொழுது போகும்.

எஃகின் பெயர் சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பு நல்லதாக இருந்தாலே சாப்பாடு நல்லதாகிவிடாது. சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிற வேலையில்தான் எஃகின் குணம் வெளிவருகிறது. அந்த வேலை சரியாக நடந்ததா என்று விற்பனைப் பக்கத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆகவே மலிவான கத்தியில் எஃகின் பெயருக்காகக் காசு கொடுப்பது, பார்க்க முடியாத ஒன்றுக்குக் காசு கொடுப்பது.

எளிய கார்பன் எஃகு, அல்லது எளிய ஸ்டெயின்லெஸ், பதம் சரியாக இருந்தால் போதும். சீக்கிரம் மழுங்கும், உண்மை. ஆனால் ஐந்து நிமிடத்தில் மறுபடி கூராகும். பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொர வளையம் இருக்குமே, அதில் பத்துத் தடவை இழுத்தால்கூட ஓரளவு தேறிவிடும். கார்பன் எஃகு எலுமிச்சையிலும் மாங்காயிலும் பட்டால் கறுத்துப்போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன பயம்? கறுப்பு வேறு, செந்துரு வேறு. வெட்டியதும் துடைத்து வைத்தால் கறுப்போடு நின்றுவிடும்.

திறப்பது

மடக்குக் கத்திகளைத் திறக்கும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் தானே பாய்வது ஒன்று. கொஞ்சம் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்வது இரண்டாவது. முழுக்க முழுக்கக் கையால் திறப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதிலேயே இரண்டு வகை உண்டு. ஒற்றைக் கையால் திறக்க அலகில் குமிழோ துளையோ வைத்தவை. நகத்தை மாட்டி இழுக்க ஒரு பள்ளம் மட்டும் வைத்தவை. அலகில் வட்டத் துளை போட்டுக் கட்டைவிரலால் திறக்கும் பாணியை 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ பிரபலமாக்கியது. பிறகு வந்தவர்களுக்கு ஒற்றைக் கைத் திறப்பு கட்டாயம் போல ஆகிவிட்டது.

நான் நகப்பள்ளத்தின் பக்கம். காரணம் சோம்பேறித்தனமோ பழமைப்பற்றோ இல்லை. குமிழையும் துளையையும் தாங்க அலகு கனமாகவோ உயரமாகவோ இருந்தாக வேண்டும். வேகமாக வந்து அடிக்கும் அலகை நிறுத்தக் கெட்டியான முட்டும் தகடும் வேண்டும். மலிவான கத்தியில் இதற்கெல்லாம் ஆகும் செலவு வேறு எங்கிருந்தோ பிடிக்கப்படுகிறது. நகப்பள்ளத்துக்கு ஒரு செலவும் இல்லை. அலகில் ஒரு அழுத்து, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் சட்டம். எப்படித் திறக்கிறது, திறந்தால் பூட்டுகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பல நாடுகள் மடக்குக் கத்தியைக் கருவியா ஆயுதமா என்று பார்க்கின்றன. அமெரிக்கா 1958-ல் பட்டன் கத்திகளின் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. ஜெர்மனியில் 2008 முதல், ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. பேனாக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் டெல்லி நிர்வாகத்தின் 1980-ம் ஆண்டு அறிவிக்கை கவனிக்க வேண்டியது. ஸ்பிரிங்கில் இயங்குவது, பட்டன் வைத்தது, பல்சக்கரம் வைத்தது, வேறு இயந்திர அமைப்பில் திறப்பது அல்லது மூடுவது என்று கத்திகளை வகைப்படுத்தி, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே கட்டுப்பாடு என்கிறது. எழுபது எண்பதுகளின் இந்திப் படங்களில் வில்லன் கையில் 'கர்ர்ர்' என்று திறக்குமே ராம்பூர் கத்தி, அந்த வகையறா. அளவு சின்னது, ஆனால் திறக்கும் விதம் ஆளை மாட்டிவிடும். பையை ஒரு போலீஸ்காரர் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'டாக்டிகல்' என்று எழுதிய கறுப்புக் கத்திக்கும் மரப்பிடி வைத்த பழக்கத்திக்கும் அவர் முகத்தில் வரும் வித்தியாசத்தை எந்த மதிப்புரையும் மதிப்பெண் போட்டுச் சொல்வதில்லை. (விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மறந்துபோய்ப் பறிகொடுக்கிறோம்.)

பூட்டு

பூட்டைப் பற்றி நிறையப் பேச்சு. கத்தியைத் திறந்து முதுகை மேஜையில் அடித்துப் பார்ப்பது, எடை கட்டித் தொங்கவிடுவது எல்லாம் நடக்கிறது. கொஞ்சம் யோசித்தால் ஒன்று புரியும். வெட்டும்போது விசை வாய்ப்பக்கம் விழுகிறது. அது கத்தியை இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மூடாது. மூடும் விசை எப்போது வரும்? நுனியால் குத்தும்போது. மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி இழுக்கும்போது. முதுகில் தட்டும்போது. முதலாவதும் மூன்றாவதும் மடக்குக் கத்தியால் செய்ய வேண்டிய வேலையே இல்லை. இரண்டாவது, அலகு மெலிந்திருந்தால் பெரும்பாலும் நேராது. ஆக, கனமான அலகு உண்டாக்கும் ஆபத்துக்குத்தான் கனமான பூட்டைத் தீர்வாக விற்கிறார்கள்.

பூட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கை வழுக்கலாம், கவனம் சிதறலாம். எளிமையான, கண்ணால் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூடிய பூட்டு இருந்தால் நல்லது. எண்பதுகளின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய 'லைனர் லாக்', அதாவது உள்ளே வளைந்திருக்கும் தகடு ஒன்று அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுப்பது, நன்றாகச் செய்தால் அருமையானது. ஆனால் அந்தத் தகடும் அலகும் சந்திக்கும் கோணத்தில் கொஞ்சம் பிசகினாலும் நழுவும். விலையைக் குறைக்கக் குறைக்க அந்தக் கோணம்தான் முதலில் பிசகுகிறது.

நான்கு கத்திகள்

இந்த அளவுகோலோடு, நூறு வருடம் தாண்டியும் மலிவாகவே இருக்கும் நான்கைப் பார்க்கலாம்.

ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹியோகோ மாகாணத்து மிகி ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. பெயருக்கு 'ஹிகோ நாட்டுப் பிரபு' என்று பொருள். பிரபு என்று பெயரே தவிர, உறுப்புகள் மிகக் குறைவு: ஒரு அலகு, மடித்த ஒரு தகடு, ஒரு ரிவெட். பூட்டு கிடையாது. அலகின் பின்னால் நீண்டிருக்கும் சின்ன வாலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடிப்பதுதான் பூட்டு. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் தலைவர் இனேஜிரோ அசானுமாவை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். அதன் பிறகு பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் வலுத்தது. அவன் பயன்படுத்தியது சிறுவாள், இந்தக் கத்தியே இல்லை. ஆனால் பழி பென்சில் கத்தியின் மீது விழுந்தது. கருவி வேறு, ஆயுதம் வேறு என்று பிரித்துப் பார்க்க மனம் வராத நேரத்தில் இப்படித்தான் நடக்கும்.

விமர்சனமாகச் சொன்னால், பென்சிலுக்கும் மரச்சீவலுக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. நுண்சரிவு இல்லாமல் வாய்வரை ஒரே சரிவு என்பதால் கல்லில் படுக்க வைத்துத் தீட்டினால் போதும், கோணம் யோசிக்க வேண்டாம். ரிவெட் தளர்ந்தால் சுத்தியலால் ஒரு தட்டு. ஆனால் பிடி வெறும் தகடு. பத்து நிமிடம் தொடர்ந்து வெட்டினால் உள்ளங்கையில் கோடு விழும். பழத்துக்கு அலகு கொஞ்சம் கனம்.

ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்செனர் 1884-ல் தொடங்கியது, 1897-ல் வந்த அதிகாரிகள் கத்திதான் இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்திக்கு மூலம். சின்ன மாடல்களில் பூட்டு இல்லை, முதுகில் உள்ள ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. அலகு மெலிது, எஃகு மென்மை, தீட்டுவது சுலபம். அளவு சிறியதாக இருந்தால் பெரும்பாலான நாடுகளில் சட்டச் சிக்கலும் குறைவு. குறை என்னவென்றால், கத்தி மட்டும் வேண்டும் என்கிறவரும் திருகாணி, திறப்பான், பல்குத்தி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். பழம் நறுக்கினால் சாறு அந்தச் சந்துகளில் எல்லாம் போய் உட்காரும். கழுவுவது ஒரு வேலை.

ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்படும் மெர்கேட்டர். கறுப்புத் தகட்டைப் பிடியாக மடித்து, மேலே பாயும் பூனைச் சின்னம். முதுகில் அழுத்தினால் விடுபடும் பூட்டு. சட்டைப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாத தட்டை. அந்தத் தட்டைதான் குறையும்: பலம் போட்டுப் பிடிக்கக் கைக்கு ஒன்றும் அகப்படாது.

பிரான்ஸின் ஒபினெல். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890-ல் உருவாக்கினார். 1897-ல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகள் வந்தன. பிற்பாடு 1-ம் 11-ம் கைவிடப்பட்டன. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ., ஏழாம் எண் 8 செ.மீ. உறுப்புகள் ஐந்து: அலகு, பீச் மரப்பிடி, ரிவெட், நிலையான வளையம், அதன் மேல் சுழலும் வளையம். அந்தச் சுழலும் வளையம்தான் பூட்டு. 1955-ல் மார்செல் ஒபினெல் சேர்த்தது. திருப்பினால் அலகு மூடும் வழியை வளையமே மறைத்துக்கொள்கிறது. பூட்டியிருக்கிறதா இல்லையா என்று ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். 2000-லிருந்து மூடிய நிலையிலும் பூட்டலாம் என்பதால் பையில் தானாகத் திறக்கும் பயம் இல்லை. வலது கை, இடது கை என்ற பேதமும் இல்லை.

ஆனால் ஒபினெலை நான் முதலில் வைப்பது வளையத்துக்காக அல்ல, அலகுக்காக. இரண்டு மி.மீ.கூட இல்லாத முதுகு, அங்கிருந்து வாய்வரை மெல்ல இறங்கும் சரிவு. மேலே போட்ட கணக்கில் முதல் கத்தி கிட்டத்தட்ட இதுதான். சமையலறைக் கத்தி ஒன்றை மடிக்க முடிந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆப்பிள், கொய்யா, வெங்காயம், பிரெட், அட்டை எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இறங்கும். உருண்டையான மரப்பிடி எவ்வளவு நேரமானாலும் கையை உறுத்தாது. எடை ஐம்பது கிராமுக்குள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கத்தியைப் புகழ்பவர்கள் அவற்றை அழகு என்று கடந்துபோய்விடுகிறார்கள். மரம் ஈரத்தில் ஊதும். ஐப்பசி மழையில் என் கத்தி திறக்கவே மறுத்தது. நகம்தான் உடைந்தது. பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். 'சவாய்க்காரர் தட்டு' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பெயர் வைத்தால் குறை குணமாகிவிடுமா? நன்றாகக் காயவைத்து, மூட்டுக்குள் கொஞ்சம் மெழுகோ வாஸ்லினோ தேய்த்துப் பலமுறை திறந்து மூடிய பிறகு சரியாயிற்று. தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. மணல் புகுந்தால் வளையம் கரகரக்கும். ரிவெட் என்பதால் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. நுனி மெலிது, டின் மூடியை நெம்பினால் ஒடியும். வளையத்தைத் திருப்ப மறந்தால் பூட்டு இருந்தும் இல்லாத கதைதான்.

பெரிய குறை விலையில். அதன் சொந்த நாட்டில் இது எளியவர்களின் கத்தி. கடல் தாண்டி நம்மிடம் வரும்போது வரியும் கூலியும் சேர்ந்து, மலிவு என்ற வார்த்தை கொஞ்சம் கூசுகிறது.

எதிர்வாதம்

கனமான, ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி யாருக்குமே வேண்டாமா? வேண்டும். மரமேறும்போது ஒரு கை கிளையைப் பிடித்திருக்கும். படகில் ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும். அங்கே இரண்டு கையால் திறக்கும் கத்தி உயிருக்கே உலை வைக்கலாம். ஒரு கை முடங்கியவர்களுக்கு ஒற்றைக் கைத் திறப்பு சொகுசு இல்லை, தேவை. இவர்களெல்லாம் தங்கள் வேலைக்கு ஏற்ற கத்தியைத் தெரிந்தே வாங்குகிறார்கள். என் சண்டை அவர்களோடு இல்லை. பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் கத்தி தேடுகிறவருக்கு, அவர் ஒருபோதும் செய்யப் போகாத வேலைக்கான கத்தியை விற்கிறார்களே, அதோடுதான். நம் பையில் கிடக்கும் பொருள் நம் அன்றாடத்துக்காக இருக்க வேண்டும். நம்மைப் பற்றி நாம் காணும் கனவுக்காக இருந்தால் விரலில்தான் போய் முடியும்.

கடையில் பார்க்க வேண்டியது

பெயர் பெற்ற கத்தி கைக்கு எட்டவில்லை என்றால் திருவிழாக் கடையில் தொங்கும் பேனாக்கத்திகூடப் போதும், பார்த்து வாங்கினால். நான் பார்க்கும் வரிசை இது.

1. கத்தியைத் திறந்து, நுனியைக் கண்ணுக்கு நேராகத் தள்ளிப் பிடித்து முதுகைப் பாருங்கள். இரண்டு மி.மீ. பக்கத்தில் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் வைத்துவிடுங்கள்.

2. சரிவு எங்கே தொடங்குகிறது? முதுகிலிருந்தேயா, பாதியிலிருந்தா? மேலே தொடங்கினால் நல்லது.

3. அலகைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள். மூட்டில் லொடலொட என்று ஆடினால் வேண்டாம். மேலும் கீழும் ஆடினால் கண்டிப்பாக வேண்டாம்.

4. மூடும்போது அலகு பிடியின் நடுவில் இறங்குகிறதா? ஒரு பக்கம் உரசினால் வாய் தினமும் மழுங்கும்.

5. பூட்டு இருந்தால் அது உட்காரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாத பூட்டை நம்பாதீர்கள். பூட்டே இல்லாவிட்டால் பரவாயில்லை, இல்லை என்பது கைக்குத் தெரியும்.

6. ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். எங்கே உறுத்துகிறது?

எஃகின் பெயரைக் கடைசியாகக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

நண்பருக்கு நான் சொன்னது ஒபினெல் ஏழாம் எண், ஸ்டெயின்லெஸ். கடற்கரை ஊர்க்காரர், துடைத்து வைக்கிற ரகம் இல்லை, அதனால் கார்பன் வேண்டாம் என்றேன். விலையைப் பார்த்து முணுமுணுத்தார், ஆனால் அவர் அனுப்பிய மூன்றில் இரண்டைவிட இது குறைவுதான். போன வாரம் கூப்பிட்டார். "அண்ணே, கொய்யா நறுக்கினேன். நீங்க சொன்ன அந்த 'டப்' சத்தமே வரல. ஆனா திறக்குறதுக்குள்ள நகம் வலிக்குது." புதுசில் அப்படித்தான் இருக்கும், மெழுகு தேய்த்துத் தினமும் நாலு தடவை திறந்து மூடு என்று சொல்லி வைத்தேன்.